ஏழு வண்டிகளின் மஞ்சள் புள்ளி

போன மாதம் எங்கள் பழைய தொழிற்சாலையிலிருந்து இளம் இன்ஜினியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். லிங்க் ராடு பொருத்தும் மேடையைக் கழற்றுகிறார்களாம். இனிமேல் அந்த வேலையைக் கேமரா வைத்த இயந்திரம் செய்யுமாம். அதை ஒட்டி ஓய்வுபெற்றவர்களிடம் ஆளுக்கொரு மறக்க முடியாத அனுபவம் வாங்குகிறார்கள். சுருக்கமாகவும் ஊக்கமூட்டுவதாகவும் இருந்தால் நல்லது என்றார். ஊக்கமூட்டும்படி எனக்கு எதுவும் நேரவில்லை. நேர்ந்தது ஒன்று உண்டு. அது சுருங்கவும் மறுக்கிறது. ஆகவே அவருக்கு நாலு வரி அனுப்பிவிட்டு, முழுவதையும் நம் தமிழ்ச் சங்க மலருக்குத் தருகிறேன். இதில் வருகிற ஏழு பேரும் இந்த மலரை வாங்குகிறவர்கள். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

முதலில் அந்த ராடு. மோட்டார் சைக்கிளின் இடது பக்கம், கால் வைக்கும் கட்டைக்கு முன்னால் கியர் லீவர் இருக்கிறது. கியர்கள் இன்ஜினுக்குள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கிறது ஒரு சாண் நீளக் கம்பி. வண்டி வாங்குகிறவர்கள் டேங்கின் நிறத்தைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், சீட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கம்பியைப் பார்த்தவரை நான் பார்த்ததில்லை. என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அதைப் பார்ப்பதிலேயே போயிற்று. பெண் பார்க்கப் போன அன்று மாமனார், கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார். விளக்கினேன். "அது மட்டுமா?" என்றார். அது மட்டும்தான் என்றேன். பெண் கொடுத்தார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலூரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு புனேயை ஒட்டிய பிம்ப்ரிக்கு வந்தேன். ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்து, ஆறு பக்கமும் சதுரமாகும்வரை அரம் போடச் சொன்னார்கள். அது சதுரமானதும் வாங்கிப் பார்த்துத் தலையசைத்துப் பழைய இரும்புத் தொட்டியில் போட்டார்கள். தொழிற்சாலை என்றால் என்ன என்று அன்றே ஓரளவு புரிந்துவிட்டது.

என் மேலதிகாரி ஜோக்லேகர் சாஹேப். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்துத் தரையில் போடுவார். அதன்மேல் வலது முழங்காலை ஊன்றுவார். சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை உருவி, கால்கட்டைக்கும் லீவருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பாக இருந்தால், "இன்னொரு தடவை பார்ப்போம்" என்பார். தப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதே இல்லை. இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் வேறு வேலை தேடிப் போனது எனக்குத் தெரியும்.

மேடையில் செய்கிற வேலை இதுதான். இன்ஜினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல் வைத்த தண்டில் சின்னக் கை ஒன்றை மாட்ட வேண்டும். தண்டிலும் கையிலும் ஆணியால் குத்திய புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் லீவர் வானத்தைப் பார்க்கும், அல்லது தரையைக் கிழிக்கும். பிறகு ராடு. அதன் ஒரு முனையில் சாதாரண மரை, மறு முனையில் எதிர்ப்பக்கம் சுற்றும் மரை, எங்கள் பேச்சில் உல்டா மரை. அதனால்தான் ராடைக் கழற்றாமலே நடுவில் பிடித்துத் திருகினால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் நீளும், அல்லது சுருங்கும். லீவர் ஏறும், இறங்கும். உயரம் சரியானதும் இரண்டு முனையிலும் லாக் நட்டை இறுக்க வேண்டும். உல்டா முனையின் நட்டை உல்டாவாகத்தான் இறுக்க வேண்டும், உல்டாவாகத்தான் தளர்த்த வேண்டும். இதை மறந்து வழக்கமான பக்கம் திருப்பித் தளர்த்தப் பார்த்தால் நட்டு மேலும் இறுகும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கடைசியாக, நட்டும் ராடும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு மஞ்சள் பெயின்ட். பின்னால் யாராவது நட்டைத் தொட்டால் புள்ளி விரிசல் விடும். புள்ளி முழுசாக இருந்தால் நட்டை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். சர்வீஸ் சென்டர்களுக்கு இது சட்டம்.

அந்த மேடையில் என் காலத்தில் அதிக நாள் நின்றவன் தத்தா ஷிந்தே. முப்பதைத் தாண்டியவன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஆனால் கான்ட்ராக்ட் ஆள். ஒவ்வொரு வருடமும் மராத்தி வருடப் பிறப்பான குடி பாட்வாவை ஒட்டி நிரந்தரமாகிறவர்களின் பெயர்ப்பட்டியல் வரும். பட்டியலில் இல்லாதவர்களை அதோடு அனுப்பிவிடுவார்கள். இரண்டு முறை தப்பிப் பிழைத்து வெளியே போகாமல் இருந்தான், உள்ளேயும் வராமல் இருந்தான். அந்த வருடம் அவன் பெயர் இருக்கும் என்று ஜோக்லேகர் சாஹேப் வாயால் சொல்லாமல், அவன் மேடைக்கு வரும்போது கைக்குட்டையை எடுக்காமல் போவதன் மூலம் தெரிவித்தார். தத்தா என்னை அண்ணா என்பான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. புனேயில் தமிழன் பிறந்ததிலிருந்தே அண்ணாதான்.

மாசி மாதத் தொடக்கத்தில் கட்கி டீலரிடமிருந்து புகார் வந்தது. ஒரே மாதிரி ஏழு வண்டிகள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது நடுவில் எங்கேயும் சேராமல் நிற்கிறது, இன்ஜின் மட்டும் கத்துகிறது. ஒரு வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே குறையில்லை. லீவர் உயரத்தை அளந்திருக்கிறார்கள். ஏழிலும் இறக்கமாக இருந்தது. மஞ்சள் புள்ளியோ ஏழிலும் முழுசாக இருந்தது. ஆகவே தொழிற்சாலையிலேயே தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார்கள். ஏழு வண்டிகளும் தசராவுக்கு ஒன்றாக வாங்கியவை, ஒரே வாரத்தில் வந்தவை, ஒரே ஷிப்ட். ஏழிலும் தத்தாவின் முத்திரை.

அதே வாரத்தில் தத்தா பொருத்திய மற்ற வண்டிகளில் ஒரு புகாரும் இல்லையே என்று கூட்டத்தில் சொன்னேன். அவர்கள் இன்னும் புகார் தரவில்லை, அவ்வளவுதான் என்றது மேலிடம். பெயர்ப்பட்டியலில் தத்தாவுக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழுந்தது.

நானும் சாஹேபும் கட்கிக்குப் போய் ஏழு வண்டிகளையும் அளந்தோம். கைக்குட்டை ஏழு முறை தரையில் விழுந்தது. ஏழிலும் லீவர் சரியாக ஒரே அளவு இறங்கியிருந்தது, மயிரிழை வித்தியாசம் இல்லை. திரும்பும் வழியில் சாஹேப் மெதுவாகச் சொன்னார்: "கவனமில்லாதவன் ஏழு வண்டியில் ஏழு விதமாகக் கெடுப்பான், அண்ணா. ஏழையும் ஒரே மாதிரி கெடுக்க ரொம்ப கவனமான ஆள் வேண்டும்."

பிறகு உரிமையாளர்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தார். செல்வராஜ், குப்புசாமி, ஏகாம்பரம் என்று போயிற்று. மராத்தி நாக்குக்கு அது எளிதான பயணமல்ல. முடித்துவிட்டு, "எல்லாம் உங்க ஆட்கள். உங்க ஆட்களுக்கெல்லாம் காலில் என்ன?" என்றார்.

காலில் ஒன்றுமில்லை. அதுதான் விஷயம். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. முதல் பெயர் என் மனைவி வசந்தாவின் அண்ணன். மற்ற ஆறு பேரும் அவருடைய பஜனைக் குழு. அவர் குருசாமி. கார்த்திகை முதல் நாள் ஏழு பேரும் மாலை போட்டுக்கொண்டார்கள். அன்று முதல் மலைக்குப் போய்த் திரும்பும்வரை செருப்பில்லை. வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, வண்டி ஓட்டுவது எல்லாம் வெறுங்காலோடு. எங்கள் லீவரோ ஷூ போட்ட காலுக்காக வைத்தது. வெறும் பாதம் மெலிசு. லீவருக்கு அடியில் விட்டுத் தூக்கினால் கட்டைவிரலின் மேல்தோல் உரியும். புனேயின் மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். லீவரை இறக்கினால் வலி தீர்ந்தது. தை பிறந்து மாலையைக் கழற்றியதும் ஷூ ஏறியது. ஆனால் லீவர் ஏறவில்லை. ஷூவின் மூக்கு அடியில் முழுசாக நுழையாததால் கியர் பாதி வழியில் நின்றது. மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஏழையும் அளந்து ஒரே அளவில் இறக்கியிருக்கிறார். வாரன்டி போய்விடக்கூடாது என்று உடைந்த மஞ்சள் புள்ளியையும் புதிதாக வைத்திருக்கிறார். எங்கள் பெயின்ட் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் பழுப்பேறும். இவை எலுமிச்சம்பழம்போல் இருந்தன.

அன்று மாலையே கட்கியில் மச்சான் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். தத்தாவின் வேலை போகப் போகிறது, நீங்கள் ஒருவர் வந்து நாங்கள்தான் இறக்கினோம் என்று சொன்னால் போதும் என்றேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நான் வந்து சொல்லிட்டா, ஏழு பேர் வாரன்டியும் போச்சு. ஆறு பேருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஒருத்தன் வேலை போகுது மச்சான்."

"மாலை போட்டிருக்கசொல்ல வந்து கேட்டிருந்தா உண்மைய சொல்லிருப்பேன் மாப்ளே. பொய் சொல்லக்கூடாது இல்ல? இப்பதான் கழட்டிட்டேனே."

சிரிப்பு வந்ததைக் காபியோடு விழுங்கினேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விரதத்தின் விதிகள் அவருக்கு அத்துப்படி. அது எந்தத் தேதியோடு முடிகிறது என்பதும் அத்துப்படி.

வீட்டில் வசந்தாவிடம் சொன்னேன். அவள் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அண்ணனுக்காக நீங்க பொய் சொல்லவேணாம். உங்களுக்காக அண்ணன் உண்மை சொல்லவும் மாட்டாரு. உங்க சாரையே கேளுங்க" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் சாஹேபிடம், எங்கள் ஆட்கள் குளிர்காலத்தில் கொஞ்ச நாள் வெறுங்காலோடு வண்டி ஓட்டுவது வழக்கம், உரிமையாளர்களில் முதல் பெயர் என் மைத்துனர் என்று மட்டும் சொன்னேன். யார் இறக்கியது என்று அவர் கேட்கவில்லை. என் மைத்துனர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்று கேட்டார். நிக்டியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார் என்றேன். வண்டியிலா என்றார். வண்டியில்தான் என்றேன். "நல்லது. நானும் அந்தப் பக்கம் வரவேண்டிய வேலை இருக்கிறது" என்றார். சதாசிவ் பேட்டையில் பிறந்து அங்கேயே குடியிருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்டியில் என்ன வேலை இருக்க முடியும் என்று நானும் கேட்கவில்லை.

வந்தார். பின்னால் தத்தா உட்கார்ந்திருந்தான். வழியிலேயே அவனிடம், என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மச்சானின் வண்டி நின்றது. நான் மேலே போய், என் பெரிய அதிகாரி வந்திருக்கிறார், உங்கள் வண்டியின் லீவரைத் தம் கையாலேயே சரிசெய்து தருவதாகச் சொல்கிறார் என்றேன். இலவச சர்வீஸ் என்றதும் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சாஹேப் வணக்கம் சொன்னார். கைக்குட்டையை மடித்துப் போட்டார், முழங்காலை ஊன்றினார், அளந்தார். எலுமிச்சம்பழ நிறப் புள்ளியை விரல் நுனியால் தடவினார். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். உல்டா முனையின் நட்டில் மாட்டி, சாதாரண நட்டைத் தளர்த்துவதுபோல் அழுத்தினார்.

அந்த மேடையின் வேலைமுறையை எழுதியவர் அவர். உல்டா முனையைப் பற்றிச் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எழுதி மேடைக்கு மேலே மாட்டியவரும் அவரே. நட்டு இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தத்தா தூணைப் பார்த்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான், ஆனால் வலது மணிக்கட்டு தன்னால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நான் மாடிப்படியைப் பார்த்தேன். சாஹேப் ஸ்பேனரின் நுனிக்குக் கையை மாற்றி, இன்னும் பலமாக அழுத்த மூச்சை இழுத்தார்.

"சாப், உல்டா ஹை!" என்றார் மச்சான். "அந்த முனை உல்டா சாப். மரை போயிடும்."

சாஹேப் கையை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இந்தியில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ளே எப்பவோ சொன்னாரு" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டியிருந்தால் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எப்போதும்போல் நடந்திருக்கும்.

"நான் சொன்னதில்ல மச்சான்" என்றேன்.

மேலே யாரோ குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மச்சான் ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். "குடுங்க சாப்" என்று வாங்கி, தரையில் உட்கார்ந்து, இறுகிப்போன நட்டைச் சரியான பக்கம் திருப்பித் தளர்த்தினார். சாமிக்காகச் செய்தது, ஏழு பேரின் கால்விரலுக்காகச் செய்தது என்று அந்த நட்டைப் பார்த்தே முழுக்கதையையும் சொன்னார். தத்தாவை அவர் பார்க்கவில்லை. ஆனால் முடித்ததும் ஸ்பேனரை அவனிடம்தான் கொடுத்தார்.

சாஹேப் அதற்குப் பிறகு செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றினார். காலுறைகளை ஷூவுக்குள் சுருட்டி வைத்தார். தத்தாவிடம் லீவரைத் தொழிற்சாலை உயரத்துக்கு ஏற்றச் சொல்லி, வெறுங்காலோடு வண்டியில் ஏறி, எங்கள் செக்டரைச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கும்போது இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தார். கட்டைவிரல் சிவந்திருந்தது. "நம் டிசைன் ஆபீசில் எல்லோருக்கும் ஷூ இருக்கிறது போலிருக்கிறது" என்றார். பிறகு மச்சானிடம் திரும்பி, "புள்ளி ரொம்ப சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் மேடையில்கூட இப்படி வைப்பதில்லை" என்றார். இந்தக் கட்டுரையை மச்சானுக்குப் படித்துக் காட்டியபோது, இந்த ஒரு வாக்கியம் விட்டுப்போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

சாஹேப் உள்ளதை உள்ளபடி எழுதினார். கேள்விக்குறி அழிந்தது. பாட்வாவுக்குத் தத்தா நிரந்தரமானான். ஏழு வண்டிகளின் வாரன்டியும் ரத்தானது. மச்சான் பல மாதங்கள் என்னோடு பேசவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பேசாமல் சாப்பிட்டார். லீவரின் உயரத்தை மாற்றலாமா என்று டிசைன் ஆபீஸ் யோசித்து, வாடிக்கையாளர் கையேட்டில் தகுந்த காலணி அணிந்து ஓட்டவும் என்று ஒரு வரி சேர்த்தது. அந்த வருடக் கார்த்திகையில் ஏழு பேரும் வெறுங்காலோடு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து வரிசையாக வண்டியை நிறுத்தினார்கள். இனி வாரன்டி இல்லை, ஆகவே பயமும் இல்லை. ராடில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, எத்தனை சுற்று இறக்கினோம் என்று டேங்கின் அடியில் ஒட்டிவைத்து, தையில் அத்தனை சுற்று ஏற்றித் தந்தேன். இன்றைக்கும் நடக்கிறது. ஓய்வுபெற்றபின் எனக்கு நிரந்தரமாக உள்ள உத்தியோகம் இது ஒன்றுதான்.

தத்தாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நிரந்தரமான அடுத்த தசராவுக்கு தசராவுக்குப் பொன் என்று சொல்லிக் கொடுக்கும் ஆப்டா இலையும் பேடாப் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். கீழே சாமந்தி மாலை போட்ட புது வண்டி. எங்கள் கம்பெனி ஆட்களுக்கு எங்கள் மோட்டார் சைக்கிளைச் சலுகை விலையில் தருவார்கள். அவன் வாங்கியிருந்ததோ வேறு கம்பெனியின் கியரில்லாத ஸ்கூட்டர். உன் கையால் பொருத்தியதையே வாங்கியிருக்கலாமே என்றேன்.

தத்தா ஸ்கூட்டரின் இடது பக்கத்துக்கு வந்து, ஒன்றுமே இல்லாத அந்த வழவழப்பான தகட்டை உள்ளங்கையால் துடைத்தான்.

"இதுல வீட்ல யாரும் திருகுறதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணா," என்றான். "இந்த வண்டி எங்க நின்னாலும் என் பேர் வராது."